ஒரு பம்ப் என்று எழுதியிருந்த சீட்டு

நம் காட்டுப்பாக்கம் தெருவை இந்த வாரம் முழுக்க வெட்டிப் போட்டிருக்கிறார்கள். குழாய் புதைக்கிறார்களாம். நேற்று ஒரு பெண் படிவத்தோடு வந்து, "இனிமே சிலிண்டருக்குக் காத்துக்கினு கிடக்க வேணாம் ஆன்ட்டி, பைப்புலயே கேஸ் வந்துடும்" என்றாள். பூமிக்கடியிலிருந்து எடுக்கிற இயற்கை வாயுவா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன். அவள் மேல் தப்பில்லை. உங்கள் மேல் வந்த கோபத்தில் எனக்குப் பேனா பிடிக்க வரவில்லை.

நீங்கள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இருந்தவரை, நான் இந்தப் பேச்சை எடுத்தாலே செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வீர்கள். இப்போது கேளுங்கள்.

நமக்குக் கல்யாணமான புதிதில், அறுபதுகளின் கடைசியில், காவிரி டெல்டாவின் கடலோரத்தில் வாயு தேடித் துளையிட்டுக்கொண்டிருந்தீர்கள். மாதம் ஒருமுறை சேற்று பூட்ஸோடு வீடு வருவீர்கள். உங்கள் கிறுக்கலை நான் நல்ல பிரதி எடுப்பேன். கான்வென்டில் சிஸ்டர்கள் முட்டியில் அடித்துத் திருத்திய கையெழுத்து என்னுடையது. எழுதி எழுதியே அந்த வேலை எனக்குப் புரிந்துவிட்டது. பம்ப் சேற்றைத் துளைக்குள் இறக்கும். அது அடியில் நொறுங்கிய பாறைத் துகள்களை அள்ளிக்கொண்டு மேலே வரும். வந்துசேர நேரமாகும், அதற்குள் துளை இன்னும் ஆழம் போயிருக்கும். ஆகவே கையில் கிடைத்த துகள் எந்த ஆழத்தினுடையது என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அது உங்கள் வேலை. துகள்களைக் கழுவிப் பையில் போட்டு, நேரத்தையும் எத்தனை பம்ப் ஓடுகிறது என்பதையும் சீட்டில் குறிப்பது துரைராஜின் வேலை.

துரைராஜ் அண்ணனூர்க்காரர். அவர் குடும்பத்தில் வயல்கூலியை விட்டு வெளியே வந்த முதல் ஆள். உங்களோடு ஒரே ரயிலில் விடுமுறைக்கு வருவார். "சார் கணக்குல புலிம்மா. கொழம்புல உப்பு கீதான்னு கேட்டா மட்டும் முழிப்பாரு" என்பார். நீங்களும் சிரிப்பீர்கள்.

ஒரு கிணற்றின் மணல்பாறையில் வாயு தென்பட்டது என்ற அறிக்கையைப் பிரதி எடுத்தபோது, துரைராஜின் சீட்டுகளில் 'ஒரு பம்ப்' என்று இருந்ததைப் பார்த்தேன். இரண்டில் மற்றது பழுதாகிக் கிடந்த நாள். உங்கள் கணக்கோ இரண்டு பம்புக்கானது. சேறு பாதி வேகத்தில்தானே ஏறியிருக்கும், அப்படியானால் துகள் நீங்கள் சொல்வதைவிட மேலே இருந்து வந்ததாயிற்றே என்று கேட்டேன்.

"கான்வென்ட் மிஸ், நீங்க கமா, புள்ளியைப் பாருங்க. கிணத்தை நான் பாத்துக்கறேன். அந்தக் குறிப்பு வேண்டாம், விட்டுடு" என்றீர்கள். விட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்ன ஆழத்தில் சோதித்தார்கள். உப்புத் தண்ணீர் வந்தது. மணலில் வாயு மேலே நிற்கும், நீர் அதற்கடியில் நிற்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். வாயுவுக்குக் கீழே போய்த் தேடியிருக்கிறீர்கள். சிமென்ட் இறக்கிக் கிணற்றை மூடினார்கள். விசாரணை வந்தது. துகள் பைகளைத் துரைராஜ் மாற்றிப் போட்டிருப்பாரோ என்று அங்கே கேள்வி எழுந்தது.

துரைராஜ் நம் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "நான் பை மாத்தலன்னு உங்களுக்குத் தெரியும் சார். ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"பாக்கலாம் துரை" என்றீர்கள்.

மறுநாள் உங்கள் விளக்கத்தை என்னிடம் நீட்டினீர்கள். மாதிரிப் பைகள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு என்றிருந்தது. எழுதமாட்டேன் என்றேன். "பதவி உயர்வு லிஸ்ட்ல என் பேர் இருக்கு. அவனுக்கு வேற வேலை கிடைக்கும்" என்றீர்கள். எழுதினேன். விளிம்பு விட்டு, ஓர் அடித்தல்கூட இல்லாமல்.

துரைராஜுக்கு வேலை போயிற்று. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் நின்றார். ஒருநாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவரைக் கண்டதும், நீங்கள் கொய்யாப்பழம் விலை கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டீர்கள். அவர் எனக்கு மட்டும் வணக்கம் சொன்னார். பிற்பாடு அந்த டெல்டாவில் எத்தனையோ கிணறுகளில் வாயு வந்தது. ஒவ்வொரு செய்தியையும் உரக்கப் படித்துக் காட்டினீர்கள், ஏதோ நீங்களே ஊதிவிட்டதுபோல.

இன்று காலை ஆட்டோ பிடித்து அண்ணனூர் போனேன். துரைராஜுக்குக் கண் மங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியும்மா. ஒரு பம்ப்புன்னு எழுதுனவனே நான்தானே? சார் வாயால வரும்னு பாத்துகினு இருந்தேன். அவரு பூட்டாரு." மகள் இருந்த பக்கம் கையைக் காட்டி, "என் பொண்ணுகூட, அப்பன் ஏனோதானோன்னு வேல பாத்துத்தான் வேலைய வுட்டான்னு நெனச்சிகினு கீது. எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

எழுதினேன். வரி கோணியது. துரைராஜ் பை மாற்றவில்லை, கணக்கில் தவறியவர் என் கணவர் என்று உங்கள் முழுப்பெயரையும் எழுதினேன். குறிப்பை விட்டுப் பிரதி எடுத்தவள் நான் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் மகள் வாங்கி உரக்கப் படித்தாள்.

"இன்னொரு தபா படி" என்றார் துரைராஜ். முடித்ததும் மறுபடியும், "இன்னொரு தபா."

வீட்டுக்கு வந்தும் அவருடைய அந்த 'இன்னொரு தபா' என் காதை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள்.