எழும்பாத வகுப்பு

எட்மண்டன், லண்டன்
12.11.1992

அன்புள்ள தவமலருக்கு,

உமது இருமல் விட்டதோ? மண்ணெண்ணெய் கிடைக்கிறதோ? நீர் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதோ? நான் சுகமாகத்தான் இருக்கிறேன், யோசிக்க வேண்டாம்.

படிப்பித்துக்கொண்டே ஆசிரியர் தகுதி எடுக்கும் ‘லைசன்ஸ்’ திட்டம் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? ஒரு பள்ளிக்கூடம் என்னை எடுத்தது. முதல் நாள் வகுப்புக்குள் போய், எங்கள் ஊர்ப் பழக்கத்தில், பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொல்லட்டும் என்று பேசாமல் நின்றேன். ஒருவரும் எழும்பவில்லை. நானும் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு பெண்பிள்ளை தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, “சேர், சுகமில்லையா? இருங்கள்” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அறையில் கூட இருக்கும் அருட்பிரகாசத்திடம் இதைச் சொன்னேன். “இஞ்ச ஒருத்தரும் ஒருத்தருக்கும் எழும்பமாட்டினம் அண்ணை” என்றான்.

அதற்குப் பிறகும் வகுப்பு என் கைக்குள் வரவில்லை. எனக்குக் கணக்குத் தெரியும், பிள்ளைகளை அடக்கத் தெரியாது என்கிறார் என்னை மேற்பார்க்கும் ஆசிரியை. டிசம்பரில் நத்தார் விடுமுறையோடு என்னை நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது. நல்ல காலம், பெற்றோல் ஷெட் வேலையை நான் விடவில்லை.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. யாராவது கொழும்புப் பக்கம் போனால், எனக்கு அனுப்பச் சொல்லிக் கொஞ்சம் அதிமதுரம் கொடுத்துவிடும்.

ஷிப்டுக்கு நேரமாகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் வகுப்பில் உம்மைக் கண்டு பிள்ளைகள் எழும்பினால், உடனே இருக்கச் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் நிற்கட்டும்.

உமது,
குலசேகரம்