ஒரே ஒரு கையெழுத்து

அக்டோபர் 14, செவ்வாய்

மீன்கூடையோடு பஸ்ஸில் ஏற விடுவதில்லை என்பதால் அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் மீன் விற்க டவுனுக்கு நடந்தே போகிறார்கள். கூடையை அனுமதிக்கச் சொல்லி இணையத்தில் ஒரு மனு வந்திருக்கிறது.

இன்று அதில் என் பெயரைப் போட்டேன். உடனே தெருப் பெண்கள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏளா, எங்க பேரையும் போடு.”

“போட்டா கண்டக்டர் ஏத்திருவானா?” என்று அம்மா கேட்டாள்.

“ஏத்தாம? கூடையையும் அவனே தூக்கி வைப்பான்” என்றாள் பிலோமி அத்தை.

எல்லார் பெயரையும் என் போனிலேயே அடித்தேன். இப்போதுதான் பார்த்தேன். ஒரு போனுக்கு ஒரு கையெழுத்துதானாம். என் பெயர் மட்டும் நிற்கிறது.

போன மாதம் கண்டக்டர் அம்மாவைக் கூடையோடு இறக்கிவிட்டபோது, வாயே திறக்காமல் அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவள் நான்.