வல்லம் வரை வந்தவள்

ஜனவரி 6, செவ்வாய்

மீனம்பாள் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள்: 'எப்படி இருக்கீங்க? உங்களப் பாக்கணும்போல இருக்குது.' இருக்கீங்களாம். பள்ளிக்கூடத்தில் என் டப்பாவிலிருந்து சோறு பிடுங்கித் தின்றவள். சென்னைக்குக் குடிபோனதும் மரியாதை முளைத்துவிட்டது. நான் மட்டும் லேசுப்பட்டவளா? 'நல்லா இருக்கேங்க, நீங்க?' என்று போட்டேன். போடும்போதே எரிச்சல்.

தையல் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் அக்கா. தெருவுக்கு அத்தை. ஓசூரில் இருக்கும் மகள் அனுவுக்கு அம்மா. வாடி போடி என்று கூப்பிட, வீட்டுக்காரர் போன பிறகு ஒரு ஆள் கிடையாது.

ஜனவரி 9, வெள்ளி

பொங்கல் முடிந்து பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். மகன் வளவன் கார் ஓட்டி வருவானாம். சாயங்காலம் வரை இருப்பாளாம்.

காலண்டரைப் பார்த்தேன். தை அமாவாசை! மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற சனமெல்லாம் எங்கள் செஞ்சி வழியாகத்தான் போகும். அன்றைக்கு நாங்கள் பால் வாங்கக்கூட ரோட்டைத் தாண்டமாட்டோம். இந்த ஊரில் பிறந்தவளுக்கு இது மறக்குமா? மறந்திருக்கிறது.

சொன்னால் தள்ளிப்போடுவாள். போன வருஷமும் தள்ளித்தான் போட்டாள், அப்புறம் வரவே இல்லை. சொல்லவில்லை. 'சரி, வாங்க' என்றேன்.

ஜனவரி 17, சனி

அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். அமாவாசையில் கவிச்சி ஆகாது. வாழைக்காய் வறுவல், வடை, பாயசம். கருவாடு எங்கே என்று கேட்பாள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 18, ஞாயிறு

திண்டிவனம் தாண்டியாச்சு என்று பதினோரு மணிக்குச் சொன்னாள். ஒரு மணிக்கு மறுபடி போன். வல்லத்துக்கிட்ட கார் நகரவே இல்லையாம், முன்னால் வேனும் பஸ்ஸுமாம். வளவனுக்கு ராத்திரி டியூட்டி, திரும்பிடலாம் என்கிறானாம். பக்கத்து வேன்காரர் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"ஏன்டி, இன்னிக்கு அமாவாசைன்னு தெரியாது உனக்கு? செஞ்சியிலதான கெடக்குற? வாயில இன்னா கொழுக்கட்டையா? எரும, சொல்லித் தொலச்சிருக்கலாம்ல?"

இன்னா சொல்றது? சொன்னா நீ வரமாட்டியேன்னு எப்படிச் சொல்றது? திட்டித் தீத்துட்டு வெச்சிட்டா. கார் திரும்பிடுச்சு. வல்லம் — வேற நாளா இருந்தா இங்கேருந்து பஸ் ஏறினா இறங்க வேண்டியதுதான்.

சாப்பிடவில்லை. அழுகையாக வருகிறது. ஆனால் டி போட்டுவிட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

வடை ஊசிப்போச்சு.

ஜனவரி 22, வியாழன்

திரும்பவும் மரியாதை. 'கோவத்துல பேசிட்டேன், தப்பா நெனச்சிக்காதீங்க.' அடிப்பாவி, அந்தப் பேச்சுக்குத்தானே ஏங்கிக் கிடந்தேன்.

'பரவாயில்லங்க' என்று அடித்தேன். அழித்தேன். அப்புறம் ஒரே மூச்சில் எழுதினேன்: 'தெரிஞ்சேதான்டி சொல்லல. சொன்னா நீ வரமாட்ட. பேச ஆள் இல்லாம கெடக்குறேன், மீனா. பிப்ரவரி எட்டு, ஞாயித்துக்கெழம. வராம இருந்து பாரு.'

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

இல்லை. போட்டிருக்கக் கூடாதோ? இந்த வயசில் என்ன ஆத்திரம் எனக்கு?

ஜனவரி 24, சனி

பிளவுஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தது.

'ஏன்டி, அன்னிக்கு அமாவாசை இல்லியே?'

காலண்டரைப் புரட்டி ரெண்டு தடவை பார்த்தேன். இல்லை. கருவாட்டை இன்றைக்கே வாங்கி வைத்துவிடலாம். அது கெட்டுப்போகாது.