முற்றும் போட்ட பிறகும் நடந்த ஆமை

அண்ணாச்சி,

முதலில் என் கண்ணில் பட்டது பக்கத்தின் அடியில் இருந்த எண்தான். 113. உங்கள் நாவலுக்குப் பக்க எண் வந்துவிட்டது.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது என்று, உங்கள் வீட்டுக்கார அக்கா மறுபடி ஐம்பது பிரதி போடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை நீங்கள் எங்கள் அச்சகத்துக்கு வந்தபோது எண்ணே கிடையாது. "கதைக்குள்ள போறவனுக்கு நம்பர் எதுக்கு வே?" என்று முதலாளியிடம் கேட்டீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் பைண்டிங் மேசையில் இருந்த நான் குனிந்து சிரித்துக்கொண்டேன். பதினாறு பக்கமாக மடித்த தாள் ஒரு பாரம். எட்டுப் பாரம் உங்கள் புத்தகம். நூறு பிரதிக்கும் நான்தான் அடுக்கினேன்.

ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். மணிமுத்தாறு மலையிலிருந்து ஓர் ஊரையே முதுகில் சுமந்துகொண்டு ஆற்றோடு வரும் ஆமை. ஊருக்குள் சண்டை வந்தால் அது ஒரு சாண் மூழ்கும். அதனால் அங்கே குழாயடியில்கூடப் பைய பேசித்தான் சண்டை போடுவார்கள். கடலைப் பார்த்ததும் ஆமை செத்துப்போனது. 'முற்றும்' என்று இருந்தது. அழுதுகொண்டே தாளைத் திருப்பினால், அடுத்த பக்கத்தில் ஆமை ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் நடந்து வருகிறது! எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கடைசிப் பக்கம் பாதி வாக்கியத்தில் நின்றது. அதையும் மாயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிரதிகளை வாங்க வந்த அன்று என்னிடம் கேட்டீர்கள்.

"படிச்சியா தாயி?"

"ம்."

"என்னத்த ம்? வாயத் தொறந்து சொல்லு."

"முற்றும் போட்ட பெறவும் ஆமை எந்திரிச்சு நடக்குல்லா அண்ணாச்சி, அது நல்லாருக்கு."

"நடக்குதா? எங்கன?"

நீங்கள் புரட்டப் புரட்ட எனக்குப் புரிந்தது. எட்டாம் பாரத்தை ஏழுக்கு முன்னால் வைத்துவிட்டேன், நூறு பிரதியிலும். இந்த வேலையும் போனால் எங்கே போவேன்?

"என்ன அண்ணாச்சி, தப்பு ஏதும் இருக்கா?" என்றார் முதலாளி.

"தப்பெல்லாம் இல்ல வே. ஆமை சாவமாட்டேங்கு, அவ்வளவுதான்."

புத்தகக் கட்டைத் தூக்கும்போது எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்: "அதக் கொன்னுட்டு எனக்கு மூணு நாளு சோறு எறங்கல, தாயி."

இன்று நாற்பத்தொன்பது பிரதியையும் நீங்கள் எழுதிய வரிசைப்படி, எண் பார்த்து அடுக்கினேன். பிறகு அக்காவிடம் போய் நானாகவே வாய் திறந்து, "ஒண்ணு எனக்குத் தாறீங்களா அக்கா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோ பிள்ள" என்றார்கள்.

அந்த ஒன்றில் மட்டும் எட்டாம் பாரத்தை ஏழுக்கு முன்னால் வைத்துப் பசை தடவினேன்.