லோங்காங்கில் போன லாலாங் மருந்து

ஆகஸ்ட் 19, திங்கள். வெயில்.

லாலாங் புல்லுக்கு அடிக்கும் மருந்து டிரம்மைக் கழுவிய தண்ணீர், பின்பக்க லோங்காங் வாய்க்காலில் போய்விட்டது. கழுவி வை என்றது நான். ஊற்றியது கடையாள் முனியாண்டி. மலாயா சுதந்திரக் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் கேட்டுக் கடை நிறைய ஆள், பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

“அலசின தண்ணிதானே முதலாளி.”

“அது பட்ட புல்லைத் தின்னுதான் எஸ்டேட்ல மாடு செத்துச்சு. மறந்துட்டியா?”

மண் மூட்டை போட்டு அடைத்தோம். தேங்கியதை வாளியில் அள்ளி அதே டிரம்மில். ஆற்றுக்கு எவ்வளவு போனதோ.

கீழ்ப்பக்கம் முதல் வீடு மீனாச்சி மாச்சிக், எல்லாருக்கும் அத்தை. மலாக்காச் செட்டி. பெயர்தான் தமிழ், பேச்சு மலாய். லோங்காங்கில் ‘ஊபாட்’ கலந்திருக்கிறது, மருந்து, என்று சொல்லிவிட்டு வந்தேன். “சரி தவுக்கே” என்று தலையாட்டினாள். முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவாள்.

சோறு இறங்கவில்லை. பின்கதவுக்குப் பூட்டு வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய். மப்பு.

மத்தியானம் மாச்சிக் வீட்டுப் பக்கம் போனேன். வறுத்த இறால் பெலாச்சான் வாசனை. சட்டியில் காங்கோங் கீரை. லோங்காங் ஓரத்தில் பறித்ததாம்.

“நீதானே தவுக்கே ஊபாட்னு சொன்னே? கொசு ஊபாட்தானே, முனிசிபல் ஆளு வந்து ஊத்துறானே. நல்லாக் கழுவிட்டேன்.”

‘ராச்சுன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். விஷம். நமக்குப் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. அதை அப்படியே மலாயில் சொல்லி வைத்தேன்.

சட்டியைக் கவிழ்த்தேன். மாச்சிக்கின் மருமகள் அதற்குள் உப்புப் பார்த்திருக்கிறாள். வாந்தி. டாக்சி பிடித்து ஆஸ்பத்திரி.

என்ன விஷம் என்றார் டாக்டர். சொன்னால் லைசென்ஸ் போகும். சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, புதன். தூறல்.

மருமகள் அப்படியேதான். செத்துப்போனால்?

அடைப்புக்குக் கீழே மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. மூட்டை மழைக்குத் தாங்குமா? குடையோடு அங்கேயே நின்றேன்.

“அடைப்பை எடுத்துடுவோம் முதலாளி. மழை அடிச்சுக்கிட்டுப் போயிடும். யாருக்குத் தெரியப்போவுது?”

“ஆத்துல வலை போடுறவனுக்குத் தெரியும்டா.”

எனக்கும் அதே நினைப்பு வந்திருந்தது. இன்னும் நாலு மூட்டை போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வியாழன். வெயில்.

மருமகள் கஞ்சி குடித்தாளாம். நாளைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி. என்ன கேட்பாரோ.

மாச்சிக் கடைக்கு வந்தாள். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. அவள் வீட்டுக் கிணறு லோங்காங்கை ஒட்டித்தான்.

“அந்தக் கிணத்துத் தண்ணிய நீ குடிப்பியா தவுக்கே?”

கணக்கு நோட்டை மூடிவிட்டு அவள் எதிரில் போய் நின்றேன்.

பேசி முடித்தது: கடைப் பின்கட்டில் இனி எந்த டிரம்மும் கழுவுவதில்லை. அள்ளிய தண்ணீர் இன்ஸ்பெக்டர் காட்டும் இடத்துக்கு என் செலவில் போகும். அவள் வீட்டுக்குக் குடிக்க, சமைக்க என் கடைப் பைப்புத் தண்ணீர். முனியாண்டி அல்ல, நானே சுமக்க வேண்டும். எதுவரைக்கும் என்று கேட்டேன். போதும் என்று அவள் சொல்கிறவரைக்கும்.