தீவன மூட்டைக்குப் பின்னாடி கெடந்த மருந்து

“கிருமிய யாராவது வெல குடுத்து வாங்குவாங்களாடி?”ன்னு நேத்து கத்திட்டு, பதில்கூட கேக்காமப் போய்ப் படுத்துட்டீங்க. பதில் இதுதாங்க. நான் வாங்கியாந்த பொடில இருக்கறது நல்ல கிருமி. தீவனத்துல கலந்து போட்டா மீன் வயித்துல தங்கி, நோய் அண்டாமப் பாத்துக்கும். பத்து நாள் போட்டதுல ரெண்டாம் குளத்து மீனுக்குப் புண்ணு ஆறி, தீனி எடுக்க ஆரம்பிச்சுது.

இன்னைக்குக் காலைல பாத்தா, தீவன மூட்டைக்குப் பின்னாடி ஆன்டிபயாடிக் பாக்கெட் ரெண்டு காலியா கெடக்குது. நம்ம ரெண்டு பேரத் தவிர தீவன ஷெட்டுக்கு யாருங்க போறா? அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது, எல்லாக் கிருமியையும் கொன்னுடும். நான் ஒரு பக்கம் வளக்க, நீங்க ஒரு பக்கம் அழிக்க, நடுவுல மீன் என்ன பாவம் பண்ணுச்சு?

தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுக்கப் போறேன். ஷெட் சாவி என்கிட்டதான் இருக்கு. சாப்பாடு மேசைல மூடி இருக்கு, பிரஷர் மாத்திரை பக்கத்துலயே.

பத்து மணிக்கு வியாபாரி வருவாரு. டீ குடுங்க, மீன் குடுக்காதீங்க. மருந்து தின்ன மீன இப்ப விக்கக் கூடாது.

இன்னொண்ணு. பயந்துதான் போட்டிருப்பீங்க. போன வருஷம் குளம் பூரா மீன் செத்து மெதந்தப்ப நீங்க அழுதத நான் பாத்தேன். திட்ட மாட்டேங்க. எந்தக் குளத்துல, என்னைக்குப் போட்டீங்கன்னு மட்டும் இந்தச் சீட்டுக்குப் பின்னாடி எழுதி வைங்க.