நடுமரம் என்னிடம்தான் இருக்கிறது

என் ஆசை சரசக்காவுக்கு,

நேற்று நம் முதலாளி உக்கடம் ஆபீசுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். உன்னைத் திருடி என்று சொன்ன அதே வாய், என்னை அம்மணி என்று கூப்பிட்டது. எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

உன் ஆலமரம் பெட்ஷீட் டிசைனைத் தேடித்தான் வந்தார். மற்ற டிசைன்களில் ஒரு சின்னப் பூவே திரும்பத் திரும்ப வரும். நீ கட்டில் முழுக்க ஒரே மரமாக வரைந்தாய். அவ்வளவு பெரிய படத்தை எந்தக் கம்ப்யூட்டரும் ஒரே ஃபைலாக ஏற்கவில்லை. மூன்றாக வெட்டி உக்கடம், கருமத்தம்பட்டி, காங்கேயம் என்று ஆபீசுக்கு ஒன்றாக வைத்தாய். ஒன்று கெட்டாலும் இருக்கட்டும் என்று, ஒவ்வொரு துண்டுக்கும் இன்னொரு ஆபீசில் ஒரு காப்பி. அதை அவரிடம் சொல்லவும் செய்தாய். அவர் காதில் வாங்கினாரா?

காங்கேயத்தில் இருந்த நடுத்துண்டு காணாமல் போனதும், நீ வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டதாக மூன்று ஆபீசிலும் சொல்லி உன்னை வெளியே அனுப்பினார். காப்பி இருக்கிறது என்று சொல்லப் போன உன்னைக் கேட்டைக்கூடத் தாண்ட விடவில்லை. அந்த மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. "நான் எடுக்கலைன்னு அவங்ககிட்டச் சொல்லு கண்ணு" என்றுதானே கடைசியாகக் கேட்டாய்?

உன் காரியத்துக்கு வந்த காங்கேயம் ஆபீஸ் மணி என்னிடம் சொன்னான்: "கம்ப்யூட்டருல எடம் பத்தலீன்னு மொதலாளிதானுங்க அழிச்சுப்போட்டாரு. அரைகுறைப் படம் எதுக்குன்னாரு." அன்றே உக்கடத்தில் இருந்த நடுத்துண்டின் காப்பியை வேறு பெயரில் ஒளித்தேன்.

இப்போது வெளிநாட்டுப் பார்ட்டி அந்த மரமேதான் வேண்டும் என்கிறதாம்.

"உங்கக்கா எங்காச்சும் வெச்சிருப்பாங்களா அம்மணி?"

"அக்கா வித்துப்போட்டான்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. வாங்குனவங்ககிட்டயே போய்க் கேளுங்க."

சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

உன்னைத் திருடி என்று சொன்ன மூன்று ஆபீசிலும் நின்று, அழித்தது நான்தான் என்று அவர் சொல்ல வேண்டும். அதுவரை தரமாட்டேன். என்னை வேலையை விட்டு நிறுத்தினால் அதை அழித்துவிட்டுத்தான் போவேன். உன் மரம் போய்விடுமே என்கிறாயா? போகட்டும் அக்கா. எனக்கு உன் பேர் திரும்பி வந்தால் போதும்.

உன்னைப் போலப் பொறுத்துப் போகத் தெரியாத,
உன் தங்கை அம்சா